வேல்ஸ் மாற்றுத் தொழில்நுட்ப மையத்தின் கட்டடக்கலை முதுநிலைப் படிப்பு

வேலையில் இருக்கும் கட்டடக்கலைஞர்கள் வேலையை விட்டுவிடாமலேயே சூழலுக்கு இசைந்த கட்டட வடிவமைப்பைக் கற்கும் வகையில் அமைந்த முதுநிலைப் படிப்புகளில் ஒன்று, வேல்ஸ் நாட்டின் மஹன்லெத் நகருக்கு அருகிலுள்ள மாற்றுத் தொழில்நுட்ப மையம் நடத்தும் படிப்பு. இந்த மையம் பல்கலைக்கழகம் ஆகாது. பட்டத்தை உடன்பாடு கொண்ட பல்கலைக்கழகங்கள் வழங்குகின்றன. கிழக்கு லண்டன் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. பாடம் நடத்துவதும் தேர்வுப் பணிகளை மதிப்பிடுவதும் மையத்தின் பட்டமேற்படிப்புப் பள்ளியின் பொறுப்பு.

மையத்தின் வரலாறு தெரியாமல் படிப்பின் போக்கைப் புரிந்துகொள்ள முடியாது. 1973இல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சிலேட்டுக் கல் குவாரியில் ஜெரார்ட் மார்கன் கிரென்வில் என்பவர் இதைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை உலகெங்கும் எகிறியது. அதுவரை விசித்திரமாகத் தெரிந்த முயற்சிக்குத் திடீரென்று பொருள் வந்தது. காற்றாலை, நீர்விசை, சூரிய வெப்பம் ஆகியவற்றைக் கொண்டே வாழ முடியுமா என்று அங்கு குடியேறியவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 1976இல் கட்டிய ஒரு வீட்டின் சுவர்களில் 45 சென்டிமீட்டர் தடிமனுக்கு வெப்பக் காப்புப் பொருள் அடைத்து, சன்னல்களுக்கு நான்கடுக்குக் கண்ணாடி பொருத்தினார்கள். அன்றைய பிரிட்டிஷ் கட்டட விதிகள் கேட்டதைவிட இது பன்மடங்கு அதிகம். ஆக, பாடத்திட்டம் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாடத்துக்குரிய கட்டடங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தன. அவற்றில் சரியாக அமைந்தவையும் உண்டு, சொதப்பியவையும் உண்டு. கற்பவர்களுக்கு இரண்டுமே பயன்படுகின்றன.

படிப்பு நடக்கும் முறை எளியது. மாணவர்கள் மாதத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ ஒரு வாரம் வந்து தங்குகிறார்கள். விரிவுரை, செய்முறை, வடிவமைப்பு விமர்சனம், இரவு உணவு மேசையில் தொடரும் வாதம் எல்லாம் அந்த ஒரு வாரத்துக்குள் அடங்கும். மீதி நாட்களில் அவரவர் அலுவலகத்துக்குத் திரும்பிவிடலாம். ஈரப்பதம் சுவருக்குள் எப்படி நகர்கிறது என்பதை இந்த வாரம் கணக்கிட்டுப் பார்த்தவர், அடுத்த வாரம் தம் அலுவலக வரைபடத்தில் இருக்கும் சுவரை அதே கண்ணோடு பார்ப்பார். தொடர்ச்சியாக வகுப்பில் அமரும் இளம் மாணவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. பணியில் இருப்பவர்களுக்கான படிப்பு என்பதன் உண்மையான ஆதாயம் நேர வசதியைவிட இதில்தான் இருக்கிறது.

பாடங்களின் மையத்தில் இருப்பது வெப்பக் கணக்கு. சுவர், கூரை, சன்னல் வழியே எவ்வளவு வெப்பம் கசிகிறது, காற்றுப் புகா வீட்டுக்குள் புதுக்காற்றை எப்படிக் கொண்டுவருவது, வெயிலை எந்தப் பருவத்தில் உள்ளே விடுவது, எப்போது தடுப்பது ஆகியவை முதலில் வருகின்றன. கட்டடக்கலைப் பள்ளிகள் நெடுங்காலம் இந்தக் கணக்கைப் பொறியாளர் தலையில் கட்டிவிட்டு வடிவத்தை மட்டும் பேசிவந்தன. வடிவம் முடிவான பிறகு பொறியாளரால் செய்யக்கூடியது பெரிய இயந்திரம் பொருத்துவது ஒன்றுதான். அடுத்து வருவது கட்டுமானப் பொருள். செங்கல், எஃகு, சிமெண்டு ஒவ்வொன்றையும் உண்டாக்கச் செலவாகும் ஆற்றலையும் சேர்த்துக் கணக்கிட மாணவர்கள் பழகுகிறார்கள். சிமெண்டு உற்பத்தியில் சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதால், சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது.

இந்தப் பாடத்தை நேரில் காட்டுவது 2010இல் திறக்கப்பட்ட வேல்ஸ் நீடித்த கல்விக்கூடம். டேவிட் லீ, பாட் போரர் ஆகிய இருவரும் இதை வடிவமைத்தார்கள். வட்டமான விரிவுரை அரங்கின் சுவர்கள் ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. சிமெண்டு கலக்காத மண்ணை அச்சுக்குள் அடுக்கடுக்காகக் கொட்டித் திமிசால் இடித்துக் கெட்டித்தவை. கனத்த மண்சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால் அரங்கின் வெப்பநிலை சட்டென்று ஏறி இறங்குவதில்லை. வெளிச்சுவர்கள் வேறு வகை: கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெம்ப் தண்டுச் சீவலைச் சுண்ணாம்போடு குழைத்து, மரச்சட்டத்தைச் சுற்றி அரை மீட்டர் தடிமனுக்கு நிரப்பியவை. இது வெப்பத்தைத் தடுக்கும், ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், ஆனால் பாரம் தாங்காது. பாரத்தை மரச்சட்டம் சுமக்கிறது. ஒரே கட்டடத்தில் வெப்பத்தைச் சேமிக்கும் சுவரும் வெப்பத்தைத் தடுக்கும் சுவரும் அடுத்தடுத்து நிற்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வழக்கமான பிழை மாணவர்களிடம் நீடிப்பதில்லை. கையால் கட்டிப் பார்க்கும் பயிற்சியும் பாடத்தில் உண்டு.

பட்டங்களில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். பிரிட்டனில் கட்டடக்கலைஞர் ஆவதற்கு நெடுங்காலமாக மூன்று படிகள் உள்ளன: இளநிலைப் பட்டம் முதல் படி, முதுநிலைத் தொழிற்பட்டம் இரண்டாம் படி, பணி அனுபவத்தோடு எழுதும் தேர்வு மூன்றாம் படி. மையத்தின் எம்.ஆர்க். பட்டம் இரண்டாம் படியாக ஏற்கப்பட்டது. எம்.எஸ்சி. பட்டம் அப்படியல்ல, ஏற்கெனவே தகுதி பெற்றவர்களும், பொறியாளர், கட்டுநர், திட்ட அலுவலர் போன்ற பிற துறையினரும் அறிவை ஆழப்படுத்திக்கொள்ள அதில் சேர்கிறார்கள்.

பணியாளர்களுக்கான இதே போன்ற பகுதிநேர முதுநிலைப் படிப்பைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கியது. அங்கு அழுத்தம் வேறு: கட்டடக்கலைஞர், பொறியாளர், கட்டுமான மேலாளர் ஆகியோரை ஒரே வகுப்பில் உட்காரவைத்துத் துறைகளுக்கு இடையிலுள்ள சுவரை இடிப்பது. மஹன்லெத்தில் பொருளும் கைவேலையும் முன்னால் நிற்கின்றன.

படிப்புக்கு எல்லைகளும் உண்டு. ரயிலில் பல மணி நேரம் வந்து சேர வேண்டிய மலையோர ஊர் அது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் விடுப்புத் தராத அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் மாதம் ஒரு வாரம் என்பது பெரிய விலை. கற்பிக்கப்படும் தீர்வுகள் குளிர்நாட்டுக்கானவை. வெப்பத்தை உள்ளே பிடித்துவைப்பது அங்கு முதல் கவலை. புழுக்கமான கடலோர ஊர்களில் அதே தடித்த சுவரும் மூடிய கூடும் தொல்லையாகிவிடும். கணக்கிடும் முறை எங்கும் செல்லும், விடை செல்லாது. 2023 நவம்பரில் மையம் பொதுமக்களுக்கான அன்றாடப் பார்வையாளர் வருகையைச் செலவு காரணமாக நிறுத்தியது. பட்டப்படிப்புகளும் குறுகிய காலப் பயிற்சிகளும் தொடர்ந்தன. சேர நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பட்டத்தின் வகையை: பிரிட்டனில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே கட்டடக்கலைஞர் என்ற பெயரில் தொழில் நடத்தலாம், எம்.எஸ்சி. மட்டும் அந்தப் பதிவுக்குப் போதாது.