சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்யும் இணையக் களஞ்சியம் சோத்கங்கா. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. பட்டம் வழங்கியபின் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. 2016இல் வந்த விதிகளும் மின்படி ஒப்படைப்பை வலியுறுத்தின.

சோத்கங்காவுக்கு முன் ஆய்வேடு என்பது பெரும்பாலும் நூலக அடுக்கில் தூங்கும் தடித்த அட்டைக் கட்டு. பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியை எடுத்துக்கொள்வோம். இப்பகுதிக் கலை அறிவியல் கல்லூரிகள் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அது 2002இல் தோன்றுமுன் சென்னைப் பல்கலைக்கழகமே எல்லாவற்றுக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றைப் பார்க்க, ஆரணிக்காரரும் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது.

களஞ்சியத்துக்கான வேலையில் பெரும்பகுதி பல்கலைக்கழக நூலகத்தின் தலையில்தான் விழுகிறது. இயல் இயலாகப் பிரித்த பிடிஎஃப் கோப்புகளைச் சரிபார்ப்பது, தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், துறை ஆகிய விவரங்களைப் பதிவது, டிஸ்பேஸ் மென்பொருளில் ஏற்றுவது என நீளும் பணி இது. எழுத்துத் திருட்டைக் கண்டறியும் சோதனையும் பல இடங்களில் நூலகத்தின் பொறுப்பே. ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை என்கிறது 2018ஆம் ஆண்டு விதி.

தமிழ் ஆய்வேடுகளுக்குத் தனித் தொல்லை உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பில் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துகள் குப்பையாகக் கொட்டும். பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து ஏற்றியவையோ தேடலுக்கு ஊமை. அப்போது நூலகர் பதியும் விவரம்தான் ஒரே வழிகாட்டி. அதிலும் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஆரணி’ என்றும் மற்றவர் ‘ஆர்ணி’ என்றும் ஒலிக்க எழுதுவதால், இரண்டையும் தேடிப் பார்ப்பவருக்கே முழுப் பட்டியல் கிட்டும். ஆய்வேட்டைத் திறந்து வைப்பதோடு கடமை முடிந்தது என்ற எண்ணம் இங்கேதான் தடுக்கி விழுகிறது.

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் சோத்கங்காவிலிருந்து வேறு வகை. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அது அரசு நிறுவனங்களுக்குத் திறக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆரணி உறுப்புக் கல்லூரி போன்றவை அதன் வரம்புக்குள் வரும். சுயநிதிக் கல்லூரிகளுக்கு முதற்கட்டத்தில் இடமில்லை. ஆனால் சோத்கங்காவில் படிக்க எந்தக் கல்லூரியின் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை.