ஸ்பைடர்லேண்ட்: பெயருக்கு முன்பே வந்துவிட்ட ஒரு தொகுப்பு

ஸ்லின்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ தொகுப்பை நான் முதன்முறை கேட்டது 2018இல், மொழியியல் முதுகலை பயின்றுகொண்டிருந்த காலத்தில். அது வெளியாகி அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்டு முடித்ததும் எஞ்சியது ஏமாற்றம் என்றே சொல்ல வேண்டும். மெல்லிய கிதார், முணுமுணுக்கும் குரல், திடீரென வெடிக்கும் இரைச்சல், மீண்டும் அமைதி. ஸ்காட்லாந்தின் மொக்வாய் குழுவிடமும் கனடாவின் ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’ குழுவிடமும் இவற்றை ஏற்கெனவே கேட்டிருந்தேன். முன்னோடியை அதன் வழித்தோன்றல்களின் நகலாகக் கேட்ட பிழை என்னுடையதுதான். ஆயினும் அப்பிழை எவ்வாறு நேர்கிறது என்பது ரசனையை விடவும் வரலாற்றெழுத்தைச் சார்ந்த கேள்வி என்று பின்னர் தோன்றியது. இப்பதிவு அதைப் பற்றியது.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1986இல் உருவான குழு ஸ்லின்ட். பிரையன் மெக்மஹனும் பிரிட் வால்ஃபோர்டும் பள்ளிப் பருவத்திலேயே ‘ஸ்குவிரல் பெய்ட்’ என்ற உள்ளூர்க் குழுவில் வாசித்தவர்கள். கிதார் கலைஞர் டேவிட் பாஜோ அவர்களுடன் சேர்ந்தார். முதல் தொகுப்பான ‘ட்வீஸ்’ 1987இல் ஸ்டீவ் அல்பினியால் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, 1989இல்தான் வெளிவந்தது. அதன் பாடல்களுக்குக் குழுவினர் தம் பெற்றோரின் பெயர்களையே தலைப்பாக வைத்தனர். ஒரு தலைப்பு மட்டும் வால்ஃபோர்டின் நாயின் பெயர். ஸ்லின்டைப் பற்றி இன்று நிலவும் இருண்ட, துயரார்ந்த பிம்பத்தோடு இந்த விளையாட்டுத்தனத்தைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது நல்லது. அல்பினியின் ஒலியமைப்பை விரும்பாத பேஸ் கலைஞர் ஈதன் பக்லர் விலகினார். அவரிடத்துக்கு டாட் பிரஷியர் வந்தார்.

புதிய பாடல்கள் வால்ஃபோர்டின் பெற்றோர் வீட்டு நிலவறையில், மிகக் கடுமையான பயிற்சியின் வழியாக உருப்பெற்றன. 1990 ஆகஸ்ட்டில் சிகாகோவின் ரிவர் நார்த் ரெக்கார்டர்ஸ் கூடத்தில், பிரையன் பால்சன் ஒலிப்பதிவாளராக இருக்க, நான்கே நாட்களில் பதிவு முடிந்தது. இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ்; பெரும்பாலும் நால்வரும் சேர்ந்து நேரடியாக வாசித்தது. மேலேற்றிய ஒலிகள் மிகக் குறைவு. முதற்பாடலில் ஏழு எண்ணிக்கைச் சுற்று வருகிறது, இரண்டாவதில் ஐந்து; நம் தாளக் கணக்கில் பழகிய காதுக்கு மிசிரமும் கண்டமும் அந்நியமாகப் படா, ஆனால் ராக் இசையில் அன்று அது வழக்கமன்று. குரல் கடைசியில்தான் சேர்க்கப்பட்டது. இறுதிப் பாடலான ‘குட் மார்னிங், கேப்டன்’ முடிவில் கத்திய கத்தலில் மெக்மஹனுக்கு உடல்நலமே குன்றியது என்பது பதிவாகியுள்ள செய்தி. அதன்பின் அவர் குழுவிலிருந்து விலகினார். திட்டமிட்டிருந்த ஐரோப்பியச் சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. 1991 மார்ச்சில் டச் அண்ட் கோ நிறுவனம் தொகுப்பை வெளியிட்டபோது அதை வாசித்த குழு கலைந்திருந்தது. அட்டையில் பெண் பாடகர்களை விண்ணப்பிக்கக் கோரும் அறிவிப்பு ஒன்று அஞ்சல் முகவரியோடு அச்சாகியிருந்தது. இல்லாத குழுவுக்கு ஆள் தேடும் விளம்பரம்.

மொழியியல் மாணவர் என்ற முறையில் என்னைப் பிடித்து நிறுத்தியது குரல்தான். ஆறு பாடல்களில் ஒன்று சொற்களற்றது. முழுதும் பாடப்பட்டது என்று சொல்லத்தக்கது ‘வாஷர்’ மட்டுமே. ஏனையவற்றில் பெரும்பகுதி பேச்சு: திருவிழா மைதானத்தில் குறி சொல்பவளைச் சந்திக்கும் ஒருவனின் கதை, விருந்தொன்றில் தனித்து நிற்பவனின் மனவோட்டம், கப்பல் உடைந்து கரையேறிய மாலுமியின் முறையீடு. இக்கதைகள் இசைக்கு மேல் அறிவிப்பது போல ஒலிப்பதில்லை. அருகில் அமர்ந்திருப்பவர் தாழ்ந்த குரலில் சொல்வது போல, கிதாருக்குச் சற்றுக் கீழே, பாதி மறைந்து ஒலிக்கின்றன. ‘டான், அமான்’ பாடலில் குரல் கிசுகிசுப்பின் எல்லைக்கே செல்கிறது. கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. எனவே அடிப்படை அதிர்வெண் இல்லை. எனவே இசைக்கு இன்றியமையாத சுருதியும் இல்லை. ஒரு பாடகர் பாட்டின் மூலப்பொருளையே விலக்கிவைத்துவிட்டுப் பாட்டுக்குள் நிற்கிறார்.

டயானா டாய்ட்ச் என்ற உளவியலாளர் 1995இல் தற்செயலாகக் கவனித்துப் பின்னர் ஆய்வாக விரித்த ஒரு நிகழ்வு உண்டு. பேச்சுத் துணுக்கு ஒன்றை எந்த மாற்றமும் செய்யாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், சில சுற்றுகளுக்குப் பிறகு அது பாட்டாகக் கேட்கத் தொடங்குகிறது. பேச்சுக்கும் பாட்டுக்குமான எல்லை ஒலியில் மட்டும் இல்லை, மீள்வருகையிலும் இருக்கிறது என்பது அதிலிருந்து பெறப்படும். ‘ஸ்பைடர்லேண்ட்’ இந்த வாயிலை ஏறத்தாழ மூடியே வைத்திருக்கிறது. பல்லவிபோல் திரும்பி வரும் வரிகள் அரிது. கதை முன்னே செல்கிறது, பேச்சு பேச்சாகவே நிற்கிறது. தொகுப்பின் கடைசி நிமிடத்தில்தான் மூன்று சொற்களாலான ஒரு சிறு வாக்கியம் மீண்டும் மீண்டும் வருகிறது. அப்போது அது பாட்டாக மாறுவதில்லை, அலறலாக மாறுகிறது. இந்தக் குரலைப் ‘பிராட்’ மென்பொருளில் இட்டுத் தொனிக்கோடு வரைய ஒரு முறை முயன்றேன். அடியில் ஓடும் கிதாரின் அதிர்வெண்களையே அது குரலென எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கு உதவாத முடிவுதான். ஆனால் குரலும் கிதாரும் அங்கே எவ்வளவு நெருங்கி உள்ளன என்பது அதில் தெரிந்தது.

வெளியானபோது இத்தொகுப்பு பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. ‘மாற்று ராக்’ என்ற சொல் எதற்கு மாற்று என்ற கேள்வியையே இழந்து, அங்காடியில் ஓர் அலமாரியின் பெயராயிற்று. ஆனால் ‘யாருமே கவனிக்கவில்லை’ என்று எழுதுவது பிழை. ‘மெலடி மேக்கர்’ இதழில் அல்பினி எழுதிய மதிப்புரை தொகுப்புக்குப் பத்து நட்சத்திரங்கள் அளித்து, பத்தாண்டுகளில் இது ஒரு மைல்கல்லாகிவிடும் என்று முன்னுரைத்தது. யாருடைய ஒலியமைப்பு பிடிக்காமல் பக்லர் விலகினாரோ அவர்தான், தாம் ஒலிப்பதிவு செய்யாத தொகுப்புக்காக இப்படி வாதாடினார். இசைக்கலைஞர்களிடையே தட்டுகள் கைமாறின. 1995இல் லாரி கிளார்க்கின் ‘கிட்ஸ்’ திரைப்பட இசைத்தொகுப்பில் ‘குட் மார்னிங், கேப்டன்’ இடம்பெற்றது. பாஜோ சிகாகோவின் டார்ட்டஸ் குழுவில் சேர்ந்து, 1996இல் வெளிவந்த அவர்களது தொகுப்பில் வாசித்தார்.

இன்னொரு காரணம் கவர்ச்சியற்றது. அதனாலேயே வரலாறுகளில் எளிதில் விடுபடுவது. டச் அண்ட் கோ, எழுத்து ஒப்பந்தம்கூட இல்லாமல், செலவு போக எஞ்சிய ஆதாயத்தைக் குழுவும் நிறுவனமும் சரிபாதியாகப் பகிரும் வழக்கம் கொண்டது. மெதுவாக விற்கும் தட்டையும் பட்டியலில் வைத்துக்கொண்டது. 2009இல் அந்நிறுவனம் சுருங்கியபோதும் பழைய பட்டியலைக் கைவிடவில்லை. அச்சில் இருக்கும் நூலைத்தான் ‘மறக்கப்பட்ட நூல்’ என்று கண்டுபிடிக்க இயலும். அச்சில் இல்லாததைக் கண்டுபிடிக்க ஆவணக்காப்பகமும் அலைச்சலும் வேண்டும் என்பதை நூலகத்தில் நாள் கழிக்கும் எவரும் அறிவர்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக வேலை செய்தது ஒரு சொல். பிரித்தானிய விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் 1994இல் ‘போஸ்ட்-ராக்’ என்ற சொல்லைப் பரவலாக்கினார். அதற்கு முன்னரும் அச்சொல் ஆங்காங்கே அச்சேறியிருந்தது. ஓர் இசைப்போக்கின் பெயராக அது நிலைபெற்றது அவரது கட்டுரைக்குப் பிறகு. அவர் தந்த விளக்கத்தைக் கவனியுங்கள்: ராக் கருவிகளை ராக்குக்கு உரியதல்லாத நோக்கங்களுக்குப் பயன்படுத்துவது, கிதாரை மெட்டுக்காக அல்லாமல் ஒலியின் நிறத்துக்காகவும் இழைமத்துக்காகவும் கையாள்வது, சாம்ப்ளர், கணினி, ஒலிக்கூடம் ஆகியவற்றையே கருவிகளாக்குவது. அவர் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் ஆங்கிலேயக் குழுக்கள்: பார்க் சைக்கோசிஸ், டிஸ்கோ இன்ஃபெர்னோ, சீஃபீல். டப், ஹிப்-ஹாப் ஆகியவற்றின் ஒலிக்கூட உத்திகளைக் கற்றுக்கொண்ட ராக் என்பது அதன் உட்பொருள்.

இந்த விளக்கத்தை ‘ஸ்பைடர்லேண்ட்’ மேல் பொருத்திப் பார்த்தால் பாதிகூடப் பொருந்தாது. அதில் சாம்ப்ளர் இல்லை, டப்பின் சாயல் இல்லை, ஒலிக்கூட வித்தை இல்லை. குறுந்தகட்டுப் பதிப்பின் அட்டையிலேயே இது வினைலில் கேட்கப்பட வேண்டியது என்று அச்சிட்ட பழமைவாதிகள் இவர்கள்! எனினும் 1990களின் இறுதிக்குள் ‘போஸ்ட்-ராக்’ என்றதும் நினைவுக்கு வரும் முதல் தொகுப்புகளுள் ஒன்றாக இது ஆகிவிட்டது. எலினார் ராஷ் விளக்கிய முன்மாதிரிக் கோட்பாட்டின் மொழியில் சொன்னால், வகைப்பாட்டின் மையம் இடம்பெயர்ந்தது. டார்ட்டஸ் வழியாகச் சொல் சிகாகோவுக்கு வந்தது; பாஜோ வழியாகக் காதுகள் ஸ்லின்டுக்குத் திரும்பின; மொக்வாயின் முதல் தொகுப்பும் காட்ஸ்பீடின் முதல் தொகுப்பும் 1997இல் வந்தபோது, மென்மையிலிருந்து பேரிரைச்சலுக்கு ஏறும் கிதார் இசை என்பதே அச்சொல்லின் வழக்குப்பொருளாகச் சுருங்கியது. பெயர் தொகுப்பைக் கண்டெடுத்தது. கண்டெடுத்த தொகுப்பு பெயரின் பொருளை மாற்றியது. டிஸ்கோ இன்ஃபெர்னோவை இன்று அவ்வகைமைக்குள் ஒரு விதிவிலக்கைப் போல அறிமுகம் செய்கிறார்கள். அச்சொல் முதலில் சுட்டியது அவர்களைத்தான். இந்த இழப்பு ஸ்லின்டின் குற்றமன்று, ஆனால் ஸ்லின்டின் புகழோடு சேர்ந்தே நிகழ்ந்தது. வெற்றிகரமான மறுகண்டுபிடிப்புகளைக் கொண்டாடும்போது இந்தக் கணக்கையும் எழுதியாக வேண்டும் என்பது என் எண்ணம்.

இடையில் வதந்திகள் வளர்ந்தன. பேட்டிகள் அரிது, குழு இல்லை, அட்டையிலோ கல்குவாரி நீரில் தலைகள் மட்டும் தெரிய மிதக்கும் நான்கு இளைஞர்கள். அப்படத்தை எடுத்தவர் நண்பர் வில் ஓல்டம்; பின்னாளில் ‘போனி பிரின்ஸ் பில்லி’ என்று அறியப்பட்ட பாடகர். பதிவின் கொடுமையால் குழுவினர் மனநல மருத்துவமனை சென்றதாக ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 2014இல் லான்ஸ் பேங்ஸ் இயக்கிய ‘பிரெட்கிரம்ப் டிரெயில்’ ஆவணப்படம் காட்டுவது வேறு: குறும்பு செய்யும், சிரிக்கும், நிலவறையை ஒழித்துத் தந்த பெற்றோரைப் பெற்ற, இருபது வயதைச் சுற்றிய இளைஞர்கள். ஆவணம் இல்லாத இடத்தில் துயரக் கதை எவ்வளவு விரைவாகக் குடியேறுகிறது! 2005இல் குழு மீண்டும் கூடி மேடையேறியது. அரங்கிலிருந்த பலர் 1991இல் அவர்களைக் கேட்டே இராதவர்கள்.

போஸ்ட்-ராக்கை எங்கிருந்து தொடங்குவது என்று இளநிலை மாணவர் எவரேனும் கேட்டால், பட்டியல்கள் முன்னிறுத்தும் ‘குட் மார்னிங், கேப்டன்’ பாடலை நான் இப்போது முதலில் தருவதில்லை. ‘டான், அமான்’ பாடலைத் தருகிறேன். டிரம்ஸ் கலைஞரான வால்ஃபோர்டு அதில் டிரம்ஸைத் தொடவே இல்லை. கிதாருடன் அமர்ந்து, விருந்திலிருந்து வெளியேற நினைக்கும் ஒருவனைப் பற்றித் தாழ்குரலில் பேசுகிறார். எதிரே பாஜோவின் இன்னொரு கிதார். கேட்டுவிட்டு, இதில் போஸ்ட்-ராக் எங்கே இருக்கிறது என்று மறுநாள் வந்து கேட்ட மாணவர்கள் இருவரோடுதான் உரையாடல் நீண்டது.