தேசவழமைச் சொற்கள் மூன்று

யாழ்ப்பாணத் தமிழரின் ஆதன வழக்குகளைத் தேசவழமை கூறும் மூன்று சொற்கள் தீர்த்து வந்துள்ளன. மூதாதையர் வழி வந்தது முதுசம். மணத்தின்பொருட்டு மகளுக்கு அளித்தது சீதனம். மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம்.

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழமைகளை 1707இல் தொகுத்தளித்தார். பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஒப்பினர். 1806இல் ஆங்கிலேயரும் அவற்றுக்குச் சட்டவலு அளித்தனர்.

1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் அசையும் ஆதனத்தைத் தானே கையளிக்கலாம். அசையா ஆதனத்துக்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆகவே, சீதன நகையை அவள் தன் விருப்பப்படி விற்கலாம்; சீதனக் காணியோ, அவள் பெயரிலேயே இருந்தாலும், கணவனின் கையொப்பத்தை வேண்டி நிற்கும். தகுந்த காரணமின்றி அவன் மறுப்பின், அவளுக்கு எஞ்சிய வழி மாவட்ட நீதிமன்றமே.