எழுத்தெண்ணிப் படித்த கிருமி

1918ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த சிப்பாய்கள் சிலர் காய்ச்சலுற்று மருத்துவமனையில் சேர்ந்தனர். பின்னர் அந்த விஷக்காய்ச்சல் இருப்புப்பாதை வழியே ஊர் ஊராகப் பரவிற்று. சில மாதங்களுக்குள் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கொன்ற கிருமி எது என்பதை உறுதியாக அறிந்தவர் அன்று உலகில் ஒருவரும் இலர்.

அறிந்ததாக எண்ணியவர் பலர் இருந்தனர். ரிச்சர்ட் பைஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1892இல் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இன்புளூயன்ஸாவுக்கு அதுவே காரணம் என்றார். 1918இல் பல இடங்களில் அதனை நம்பித் தடுப்பூசிகள் செய்தனர். இன்புளூயன்ஸா அவற்றுக்கு அடங்கவில்லை. 1933இல் இலண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் நோயாளியின் தொண்டை கழுவிய நீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, ஃபெரட் என்னும் சிறு பிராணிக்கு ஏற்றினர். பாக்டீரியா கடக்க இயலாத வடிகட்டியைக் கடந்து வந்த அந்நீர் காய்ச்சலை உண்டாக்கியது. குற்றவாளி ஒரு வைரஸ் என்பது தெளிவாயிற்று.

ஆயினும் 1918இன் வைரஸைப் பிடித்து வைத்தவர் எவரும் இல்லை. அலாஸ்காவிலுள்ள பிரெவிக் மிஷன் என்னும் சிற்றூரில் அவ்வாண்டு நவம்பரில், பெரியவர்கள் 80 பேரில் 72 பேர் ஐந்தே நாட்களில் மாண்டு, உறைநிலத்தில் புதைக்கப்பட்டனர். 1951இல் யோஹான் ஹுல்டின் என்னும் இளைஞர் அக்குழியைத் தோண்டி நுரையீரல் துண்டுகளை எடுத்துச் சென்றார். கிருமி உயிர்த்தெழவில்லை. ஆராய்ச்சி அத்துடன் நின்றது.

உயிரற்ற கிருமியும் பேசும் என்பதைக் காட்டியது மரபணு வரிசைப் படிப்பு. உயிர்களின் மரபுச் செய்தி நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டது. அவ்வெழுத்துக்களை வரிசையாகப் படிக்கும் சிறந்த முறையொன்றை பிரெடெரிக் சாங்கர் 1977இல் வெளியிட்டார். வாஷிங்டனில் ஜெப்ரி டாபென்பர்கர் குழுவினர், 1918இல் இறந்த போர்வீரர்களின் மெழுகில் பாதுகாத்த நுரையீரல் துணுக்குகளிலிருந்து வைரஸின் சிதைந்த துண்டுகளைத் திரட்டி, முதல் வரிசைகளை 1997இல் வெளியிட்டனர். அதனைப் படித்த ஹுல்டின், தம் 72ஆம் வயதில், சொந்தச் செலவில் மீண்டும் அலாஸ்கா சென்று நுரையீரல் பகுதியைக் கொணர்ந்தார். எட்டுத் துண்டங்களாக அமைந்த, 13,000க்கும் மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட அவ்வைரஸை முழுதும் படித்து முடித்தது 2005இல். நோய் வந்து 87 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையே, 1995இல், தனித்து வாழும் உயிரிகளுள் முதன்முதலாக முழு மரபுத் தொகுதி படிக்கப்பெற்ற பெருமை, பைஃபர் பழி சுமத்திய அதே பாக்டீரியாவுக்குக் கிட்டிற்று! அதன் எழுத்துக்கள் பதினெட்டு லட்சத்துக்கு மேல்.

2019 டிசம்பர் 31இல் சீனாவின் ஊஹான் நகரத்து நுரையீரல் நோய் உலகுக்குத் தெரியவந்தது. அறிஞர்கள் நோயாளியின் நுரையீரல் நீரிலிருந்த மரபுப் பொருள் அனைத்தையும் படித்து, மனிதனுக்குரியதைக் கழித்து, எஞ்சியதை ஆராய்ந்தனர். 30,000 எழுத்துக்களுக்குச் சற்றுக் குறைந்த புதிய கொரோனா வைரஸ் வெளிப்பட்டது. 2020 ஜனவரி 11இல் அவ்வரிசை உலகெங்கும் அறிவிக்கப்பட்டது. அதே ஜனவரி 30இல் கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். நம் நாட்டின் முதல் வரிசைகளைப் படித்தது பூனாவிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம்.

87 ஆண்டுகள் எங்கே, பதினொரு நாட்கள் எங்கே! எனினும் இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. நலமுள்ளவர் தொண்டையிலும் கிருமிகள் பல குடியிருக்கின்றன. நோயாளியிடம் இருந்தது என்பதாலேயே அது நோய்க்குக் காரணமாகிவிடாது. பைஃபர் நுண்ணோக்கியில் செய்த பிழையை நாம் வரிசைக் கருவியிலும் செய்தல் கூடும். கருவி எழுத்தைத்தான் தருகிறது. நோயாளியின் நிலை, நோய் பரவிய வழி, பிற சோதனைகள் ஆகியவற்றோடு சேர்த்துப் பொருள் காண வேண்டியவர் மருத்துவரே. கிருமியின் பெயர் அறிந்த பின்பும் 2020இலும் 2021இலும் எத்தனையோ உயிர்களை இழந்தோம். அறிந்ததை மக்களின் வாயில்வரை கொண்டுசேர்க்கும் வேலை, எழுத்தெண்ணிப் படிப்பதினும் கடினமானது. அது இன்னும் முடியவில்லை.