பலாலி வான்வழியும் பயணக் காலமும்

யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களுட் சில பழைய பயணங்களின் நினைவைத் தாங்கி நிற்பன. மருதனார்மடம், கந்தர்மடம் முதலிய பெயர்களில் வரும் மடம் என்னுஞ் சொல் வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிப்பதாகும். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்றோர்க்கு வழியின் நீளத்தை உணர்த்தியவை மைற்கற்கள் மட்டுமல்ல, மடங்களுமேயாம். காங்கேசன்துறை வீதியிலுள்ள மருதனார்மடத்துக்கு வடகிழக்கே சில மைல் தூரத்திலேயே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த பலாலி விமானத்தளம் இருக்கின்றது.

எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் இரத்மலானையிற் புறப்பட்டு, பலாலியில் இறங்கிச் சென்னை சென்றது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு அப்போது இரண்டு மாதமும் இல்லை. இவ்வழியைத் தெரிந்தமை தற்செயலன்று. இரத்மலானை, பலாலி, சென்னை ஆகிய மூன்றும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டி, தெற்கு வடக்காக ஏறத்தாழ ஒரே நேரில் அமைந்தவை. பலாலியிலிருந்து இரத்மலானை ஏறக்குறைய 330 கிலோமீற்றர். சென்னை 355 கிலோமீற்றர். ஆகவே யாழ்ப்பாணம் நாட்டின் கடைக்கோடியாயினும் அவ்வான்வழிக்கு நடுவிடமாயிற்று. மணிக்கு 270 கிலோமீற்றரளவிற் பறந்த டகோட்டா விமானத்துக்குச் சென்னை ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பயணமே. தலைமன்னார் வரை புகைவண்டி, தனுஷ்கோடிக்குக் கப்பல், மீண்டும் புகைவண்டி என இரவும் பகலுமாய்ச் சென்றோர்க்கு இஃது எத்துணை வியப்பளித்திருக்கும்!

பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி படைத்தளமாயிற்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, அவர்தம் வீடுகளும் செம்மண் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் முதலிற் தெற்கே 400 கிலோமீற்றரளவு தரைவழி சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, 650 கிலோமீற்றரளவு வடக்கே திரும்பிப் பறக்கவேண்டியவராயினர். 355 கிலோமீற்றர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அத்தரைவழியும் என்றுந் திறந்திருந்ததன்று. கண்டி வீதி 1990 முதல் 2002 வரை மூடப்பட்டிருந்தது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்தோர் பயணத்தை மணிக்கணக்கில் அளந்தாரல்லர், நாட்கணக்கிலேயே அளந்தனர். பலாலியிலிருந்து கொழும்புக்கு வான்வழி இருந்த காலத்திலும் அச்சம் நீங்கவில்லை: 1998 செப்டெம்பர் 29 இல் அவ்வாறு புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

பலாலி 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 இற் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாத் தொற்றினால் 2020 இல் நின்று, 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் நடைபெறலாயிற்று. அதில் ஈடுபடுத்தப்பட்ட விமானம் டகோட்டாவினும் ஏறக்குறைய இருமடங்கு வேகமுடையது. எனினும் ஏறுதற்கும் இறங்குதற்குமாகும் பொழுதையுஞ் சேர்த்தால், பயணம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகின்றது. எழுபது ஆண்டு விமானக்கலை வளர்ச்சி மிச்சப்படுத்தியது சில நிமிடங்களையே. 2025 மார்ச் 30 இல் திருச்சிராப்பள்ளிக்கும் சேவை தொடங்கியது. அந்நகர் பலாலிக்கு 185 கிலோமீற்றர், கொழும்பினும் மிக அண்மையது.