கையெழுத்து மறுக்கும் உரிமை

1989 மார்ச் 4ஆம் திகதி, அமெரிக்காவின் ஈஸ்ரேன் விமானக் கம்பனியில் ஏறக்குறைய 8,500 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். விமானங்களைத் திருத்துவோரும் பொதி ஏற்றுவோரும் துப்புரவு செய்வோருமான இவர்கள் இயந்திரத் தொழிலாளர் சங்கத்தின் அங்கத்தவர்கள். அவர்களது மறியலைத் தாண்டி உள்ளே போக விமானிகளில் மிகப் பெரும்பாலானோர் மறுத்தனர். விமானப் பணியாளர்களின் சங்கமும் கூடவே நின்றது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகளை நடத்திவந்த கம்பனி, மார்ச் 9ஆம் திகதி வங்குரோத்து நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

இது வெறும் சம்பளத் தகராறு என்றே பலரும் நினைத்தார்கள். சம்பளமும் அதில் இருந்தது உண்மை. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. ஒரு விமானம் பறக்கத் தகுதியானதா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் யாருடையது?

விமானத் திருத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை உண்டு. வேலையைச் செய்தவர் அதில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் புறப்படக்கூடாது. ஆகவே கையெழுத்திட மறுக்கும் துணிவு அவருக்கு இருந்தால்தான் அந்த அட்டைக்குப் பெறுமதி. நாளை வேலை இருக்குமோ என்று அஞ்சுபவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

இதை விளங்கிக்கொள்ள எமக்கு விமானத் திருத்தகம் தேவையில்லை. குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைத் தினமும் குறிக்கவேண்டிய தாள், கிழமை முடிவில் ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பப்படுவதைச் சமையலறைகளில் நாம் கண்டிருக்கிறோம். அங்கே கெட்டுப்போவது இறைச்சி. ஆகாயத்தில் நிலைமை வேறு.

1983 மே 5ஆம் திகதி, இதே ஈஸ்ரேன் கம்பனியின் விமானமொன்று மியாமியிலிருந்து நசாவுக்கு 172 பேருடன் புறப்பட்டது. வழியில் மூன்று இயந்திரங்களிலிருந்தும் எண்ணெய் ஒழுகியது. ஒன்றை விமானிகளே நிறுத்தினர், மற்ற இரண்டும் தாமாக நின்றன. நிறுத்திய இயந்திரத்தைக் கடலுக்கு மேலே மீண்டும் இயக்கி ஒருவாறு மியாமிக்குத் திரும்பினார்கள். உயிரிழப்பு இல்லை. காரணம், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சின்ன இறப்பர் வளையங்களை முதல்நாள் இரவு வேலையின்போது மூன்று இயந்திரங்களிலும் பூட்டாமல் விட்டதுதான். அட்டையில் மட்டும் கையெழுத்து இருந்தது. விசாரணை தொழிலாளரைக் குறைகூறியது. இதே தவறு முன்னரும் பலமுறை நடந்திருந்தும் திருத்தாத நிர்வாகத்தையும் குறைகூறியது. தொழிலாளி தவறே செய்யாதவன் என்று நாம் வாதிடவில்லை. அவசரமும் பழக்கமும் சேர்ந்தால் கையெழுத்து வெறும் மையாகிவிடும் என்பதே விடயம்.

1978இல் அமெரிக்கா விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் இருந்த அரச கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. போட்டி கடுமையானது. 1983இல் கொன்ரினென்ரல் கம்பனியை வங்குரோத்துக்கு இட்டுச்சென்று தொழிற்சங்க ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்த பிராங் லொறென்சோ, 1986இல் ஈஸ்ரேனை வாங்கினார். பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக 1987இல் ஈஸ்ரேன் 95 இலட்சம் டொலர் தண்டம் கட்டியது. சங்கங்கள் பராமரிப்பைப் பற்றித் தொடர்ந்து குரலெழுப்பின. 1988இல் அரசு விசேட பரிசோதனை நடத்தி, விமானங்கள் பாதுகாப்பானவையே என்றது. சங்கங்கள் சம்பளப் பேரத்துக்காகப் பூச்சாண்டி காட்டுகின்றன என்பது கம்பனியின் வாதம்.

1990 யூலையில் கதை மாறியது. செய்யாத பராமரிப்பு வேலைகளைச் செய்ததாகப் பதிவேடுகளில் எழுதியதாகக் கம்பனி மீதும் அதன் முகாமையாளர்கள் சிலர் மீதும் நியூயோர்க்கில் 60 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. கம்பனி பின்னர் அவற்றில் சிலவற்றை ஒப்புக்கொண்டது.

இதை வெற்றி என்று சொல்லிவிட முடியாது. விமானிகள் 1989 நவம்பரில் ஆதரவு வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். 1990 ஏப்ரலில் நீதிமன்றம் கம்பனியை லொறென்சோவின் கையிலிருந்து எடுத்து ஒரு பொறுப்பாளரிடம் கொடுத்தது. 1991 சனவரியில் ஈஸ்ரேன் நிரந்தரமாக மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. ஆனாலும் மூன்று சங்கங்கள் மாதக்கணக்கில் ஒன்றாக நின்றன என்பது சின்ன விடயமல்ல. 1981 ஓகஸ்டில் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது விமானிகள் வழமைபோலப் பறந்தார்கள். சனாதிபதி றேகன் 11,345 பேரை வேலைநீக்கியபோதும் பறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. 2005 ஓகஸ்ட் 20ஆம் திகதி நோர்த்வெஸ்ற் கம்பனியின் விமானத் திருத்துநர்களும் துப்புரவாளர்களுமாக ஏறக்குறைய 4,400 பேர் வெளியே வந்தனர். கம்பனி மாதக்கணக்காகக் கருங்காலிகளைப் பயிற்றித் தயாராக வைத்திருந்தது. விமானிகளும் பணியாளர்களும் பொதி ஏற்றுவோரும் மறியலைத் தாண்டி வேலைக்குப் போனார்கள். திருத்துநர்களின் சங்கம் மற்றச் சங்கத்திலிருந்து ஆட்களைப் பிரித்தெடுத்த சங்கம் என்ற பழைய கோபமும் இருந்தது. புதிய திருத்துநர்களின் தகுதி பற்றி எச்சரித்த அரச பரிசோதகர் ஒருவரைக் கம்பனி முறையிட்டதும் மேசை வேலைக்கு மாற்றினார்கள். அவருடைய எச்சரிக்கையை அதிகாரிகள் சரிவரக் கையாளவில்லை என்று அரச கண்காணிப்பு அறிக்கை 2007இல்தான் சொன்னது. வேலைநிறுத்தம் தோற்றது. 2005 செப்டெம்பரில் கம்பனி வங்குரோத்துக்குப் போக, மறியலைத் தாண்டியவர்களின் சம்பளமும் வெட்டப்பட்டது.

அதே 2005 ஓகஸ்டில், இலண்டன் ஹீத்றூவில் வேறொன்று நடந்தது. விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கேற் கூர்மே நிறுவனம் அறுநூறுக்கு மேற்பட்டோரை ஒரேயடியாக வேலைநீக்கியது. பெரும்பாலும் பஞ்சாபிப் பெண்கள், சவுத்ஹோல் பகுதியில் குடியிருப்பவர்கள். மறுநாள் பிரிட்டிஷ் எயர்வேஸின் தரைப் பணியாளர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். பிரித்தானியச் சட்டம் இத்தகைய ஆதரவு வேலைநிறுத்தத்துக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. அது தெரிந்தே நிறுத்தினார்கள். பலர் அப்பெண்களின் உறவினர், அயலவர். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் முடங்கினர். அமெரிக்காவில் பெரிய சங்கங்கள் செய்யாததைச் சட்னியும் சப்பாத்தியும் பரிமாறிய அயல் செய்தது.

எம்மவர் பலர் விசா முடிவுக்காகக் காத்திருந்தபடி கோப்பை கழுவுகிறோம். ஓரிடத்தில் வேலைநிறுத்தம் என்றால், முதலாளி முதலில் தேடுவது எங்களைப்போன்றவர்களைத்தான். கூலி குறைவு, கேள்வி குறைவு. அந்த நேரம் மறியலில் நிற்பவர்களின் மொழியும் எமக்கு விளங்காது, அவர்களும் எம்மைத் தேடி வந்து பேசுவதில்லை. கருங்காலி என்று எம்மை ஏசுவதற்கு முன்னர் சங்கங்கள் எமது வாசலுக்கு வரட்டும். வராவிட்டால் நாம் அவர்களின் வாசலுக்குப் போவோம்.