மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு

மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்பது சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைக் காக்க 1988இல் தொடங்கப்பட்ட மாணவர் தன்னார்வ அமைப்பாகும். 1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் உள்ளிட்டோர் இங்கு மேற்கொண்ட ஆமை நடைகள் (ஆமைக் கூடுகளைத் தேடிச் செல்லும் இரவு நடைகள்) இதன் முன்னோடி.

களப்பணி பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறும். தன்னார்வலர்கள் நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் இரவில் நடந்து, மணலில் பதிந்த ஆமைத் தடத்தைப் பின்பற்றிக் கூட்டைக் கண்டறிவர். ஒரு கூட்டில் ஏறத்தாழ 100 முட்டைகள் இருக்கும். நாய்களிடமிருந்தும் முட்டை எடுப்போரிடமிருந்தும் காக்க, அவை வேலியிட்ட பொரிப்பகத்தில், கூட்டில் இருந்த அதே ஆழத்தில் புதைக்கப்படுகின்றன. இப்பணியில் விரைவு இன்றியமையாதது. முட்டையிட்டுச் சில மணி நேரத்திற்குப் பின் முட்டையைப் புரட்டினால் கரு இறக்கக்கூடும். மணலின் வெப்பநிலையே குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிக்கிறது: வெப்பம் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். சுமார் 45 முதல் 60 நாளில் பொரிக்கும் குஞ்சுகள் கடலில் விடப்படுகின்றன. கரையின் மின்விளக்குகள் அவற்றைத் திசைதிருப்புவதால் இப்பாதுகாப்பு நகரக் கடற்கரையில் கூடுதல் தேவையாகிறது.

இழுவலையில் சிக்கி இறந்து ஒதுங்கும் ஆமைகளும் பதிவுசெய்யப்படுகின்றன. பங்குனி ஆமை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.